ஹோம் தியேட்டர் ரிசீவரை மாற்றும்போது: முப்பதாயிரம் முதல் அறுபதாயிரம் ரூபாய்க்குள் எதை வாங்குவது?

ஹோம் தியேட்டரை முதன்முறையாக வாங்குவது ஒரு காரியம். ஓடிக்கொண்டிருந்த ரிசீவர் (ஒலியைப் பிரித்து எல்லா ஸ்பீக்கர்களுக்கும் சக்தி தரும் மையப் பெட்டி) நின்றுபோன பிறகு அதற்கு மாற்று வாங்குவது முற்றிலும் வேறு காரியம். முதல்முறை வாங்குபவர் எதை வேண்டுமானாலும் எதனோடும் சேர்த்துக்கொள்ளலாம். மாற்று வாங்குபவரின் வீட்டிலோ ஸ்பீக்கர்கள் ஏற்கெனவே சுவரில் ஏறிவிட்டன, பின்புற ஸ்பீக்கர்களுக்கான ஒயர் சுவருக்குள் பைப் வழியாகப் போய்விட்டது, டிவி இடையில் ஒருமுறை மாறிவிட்டது, சப்வூஃபர் சோபாவுக்குப் பக்கத்து மூலையைப் பிடித்துக்கொண்டுவிட்டது. புதிதாக வரும் பெட்டி இவை அனைத்தோடும் ஒத்துப்போக வேண்டும். கடைக்காரர் முதலில் பட்ஜெட்டைக் கேட்பார், அடுத்து வாட்ஸைச் சொல்வார், பிறகு 8கே என்பார். இந்த மூன்றுக்கும் முன்னால் வாங்குபவர் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் வேறு: அடுத்த ஐந்தாறு ஆண்டுகளில் என் ஹாலில் உண்மையிலேயே எத்தனை ஸ்பீக்கர்கள் இருக்கப்போகின்றன? ஒலி எந்த வழியாக ரிசீவருக்கு வரப்போகிறது? பழுதானால் யார் கையில் கொடுப்பேன்? இவற்றுக்குப் பதில் தெரிந்துவிட்டால், சந்தையில் இருக்கும் மாடல்களில் பெரும்பாலானவை தாமாகவே விலகிவிடும்.

பன்னிரண்டுக்குப் பதினைந்து அடி அளவுள்ள ஒரு ஹால், 5.1 ஸ்பீக்கர்கள் (ஐந்து ஸ்பீக்கர்களும் ஒரு சப்வூஃபரும்), ஸ்மார்ட் டிவி, ஓடிடி சந்தா, அவ்வப்போது பென் டிரைவில் படம் என்று தமிழ்நாட்டு நகரங்களில் பரவலாகக் காணப்படும் அமைப்பையே இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில், பழையது உண்மையிலேயே செத்துவிட்டதா?

ரிசீவரை ஆன் செய்ததும் சில நொடிகளில் 'டக்' என்று அணைந்து சிவப்பு விளக்கு மினுக்கினால், அது புரொடெக்ஷனுக்குப் போகிறது, அதாவது தன்னைக் காத்துக்கொள்ளத் தானே அணைகிறது என்று பொருள். அத்தனை ஸ்பீக்கர் ஒயர்களையும் கழற்றிவிட்டு மறுபடி ஆன் செய்து பார்க்க வேண்டும். இப்போது நிலையாக ஓடினால் கோளாறு பெட்டிக்குள் இல்லை. பின்புற டெர்மினலில் முறுக்கு அவிழ்ந்த ஒற்றைச் செம்பு இழை பக்கத்து முனையைத் தொட்டுக்கொண்டிருக்கும், அல்லது சுவர் பைப்புக்குள் எங்கோ ஒயர் உரிந்திருக்கும். ஒயர்களைக் கழற்றியும் அணைகிறது என்றால் அவுட்புட் டிரான்சிஸ்டரோ பவர் சப்ளையோ போயிருக்கலாம். மூடியைத் திறந்து பார்க்கும் மெக்கானிக்குகள் அடிக்கடி காண்பது காற்றுத் துளை வழியாக உள்ளே போய், போர்டில் இரண்டு முனைகளுக்கு நடுவே கருகிக் கிடக்கும் பல்லியைத்தான். ரிலே, ஃபில்டர் கெப்பாசிட்டர், அவுட்புட் டிரான்சிஸ்டர் போன்றவை கிடைக்கக்கூடிய, கையால் மாற்றக்கூடிய பாகங்கள். இவற்றில் கோளாறு என்றால் பழுது பார்ப்பதே சிக்கனம்.

எச்டிஎம்ஐ போர்டு போயிருந்தால் கதை வேறு. அது பல அடுக்குகள் கொண்ட பலகை, நுண்ணிய கால்களையுடைய சிப்புகள், சில ஆண்டுகளில் நின்றுபோகும் உதிரிபாக வரத்து எல்லாம் சேர்ந்த சிக்கல். அதற்குப் பெரும் தொகை கேட்டால் கொடுக்க வேண்டாம். ஆனால் எச்டிஎம்ஐ போனதால் மட்டும் ரிசீவரைத் தூக்கிப்போடவும் வேண்டாம். டிவியின் ஆப்டிகல் அவுட்டிலிருந்து ரிசீவரின் ஆப்டிகல் இன்னுக்கு ஒரு கேபிள் போட்டால், டால்பி டிஜிட்டல் 5.1 அப்படியே வரும். ஓடிடி செயலிகள் அனுப்பும் டால்பி டிஜிட்டல் பிளஸ் ஆப்டிகல் வழியாகப் போகாது என்றாலும், பெரும்பாலான டிவிகள் அதைச் சாதாரண டால்பி டிஜிட்டலாக மாற்றி அனுப்பிவிடும். படம் டிவிக்கு நேராகவும் ஒலி ரிசீவருக்குத் தனியாகவும் போகும் இந்த அமைப்பில் பத்தாண்டு பழைய ரிசீவர்கூட இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும். இழப்பது அட்மாஸும் (தலைக்கு மேலிருந்தும் ஒலி வரச் செய்யும் டால்பி முறை), புளூரே டிஸ்க்கின் இழப்பில்லா ஒலியும். இவ்விரண்டும் வீட்டில் ஏற்கெனவே இல்லை என்றால் இழப்பு எதுவுமில்லை; சில நூறு ரூபாயில் வேலை முடிந்துவிடும்.

ஸ்பீக்கர்களின் முதுகைத் திருப்பிப் பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் வாசகர் நினைவில் வைத்துக்கொள்வார் என்றால், அது இதுவாக இருக்கட்டும். உங்களிடம் இருப்பது தனித்தனியாக வாங்கிய ஸ்பீக்கர்களா, அல்லது டிவிடி அல்லது புளூரே பிளேயரோடு ஒரே அட்டைப்பெட்டியில் வந்த செட்டா? ஒரே பெட்டியில் வந்த செட் என்றால், ஒவ்வொரு ஸ்பீக்கரின் பின்னாலும் ஒட்டியிருக்கும் சிறு ஸ்டிக்கரில் ஓம் அளவை (மின்தடையை) படித்துப் பாருங்கள். அந்தக் காலத்துச் செட்டுகள் பலவற்றில் அது 3 ஓம் அல்லது 4 ஓம் என்று இருக்கும். கடையில் தனியாக விற்கும் ரிசீவர்களில் பெரும்பாலானவை 6 முதல் 16 ஓம் வரையிலான ஸ்பீக்கர்களுக்காக வடிவமைக்கப்பட்டவை. 3 ஓம் ஸ்பீக்கரை அதில் மாட்டினால் மெல்லிய ஒலியில் ஓடும். சண்டைக்காட்சி வந்து ஒலி ஏறும்போது மின்னோட்டம் இரட்டிப்பாகி ரிசீவர் சூடேறி அணையும், அல்லது அவுட்புட் எரியும்.

அதைவிடப் பெரிய சிக்கல் சப்வூஃபர். பெட்டிச் செட்டில் வரும் சப்வூஃபருக்குள் பெரும்பாலும் ஆம்ப்ளிஃபயர் இருக்காது. அதற்கான சக்தியும் மைய யூனிட்டிலிருந்தே ஸ்பீக்கர் ஒயர் வழியாக வரும். தனி ரிசீவரிலோ சப்வூஃபருக்கென்று இருப்பது சக்தியில்லாத ஒற்றை ஆர்சிஏ துளை மட்டுமே. தன் சொந்த ஆம்ப்ளிஃபயரும் கரண்ட் பின்னும் கொண்ட சப்வூஃபரை அது எதிர்பார்க்கிறது. ஆகவே செட் ஸ்பீக்கர்களை வைத்துக்கொண்டு முப்பதாயிரம் ரூபாய்க்கு ரிசீவர் வாங்கிவரும் ஒருவர், வீட்டுக்கு வந்த பிறகுதான் சப்வூஃபருக்கு இன்னொரு பத்துப் பதினைந்தாயிரம் தேவை என்றும், மற்ற ஸ்பீக்கர்களும் பொருந்தாது என்றும் தெரிந்துகொள்கிறார். கடையில் இதை யாரும் சொல்வதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம்.

நான்கு வழிகள்

சவுண்ட்பாரை முதலிலேயே ஒதுக்கிவிடுகிறேன். நல்ல ஸ்பீக்கர்களும் ஒயரிங்கும் இல்லாதவருக்கு, வாடகை வீட்டில் அடிக்கடி இடம் மாறுபவருக்கு, அது நல்ல தேர்வு. ஐந்து ஸ்பீக்கர்களும் இருக்கும் வீட்டில், ரிசீவர் ஒன்று பழுதானதற்காக அனைத்தையும் இறக்கிவிட்டுச் சவுண்ட்பாரை வைப்பது இருப்பதைக் குறைத்துக்கொள்வதே. மீதமிருப்பவை நான்கு: உள்ளூரில் அசெம்பிள் செய்த 5.1 ஆம்ப்ளிஃபயர், பிராண்டட் அடிப்படை 5.1 ரிசீவர், பிராண்டட் 7.2 ரிசீவர், பழைய உயர்தர ரிசீவரைச் செகண்ட் ஹேண்டில் வாங்குவது.

அசெம்பிள் ஆம்ப்ளிஃபயரை இணையத்தில் ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் கணக்கிலேயே எடுத்துக்கொள்வதில்லை. தமிழ்நாட்டிலோ அது ஒரு பெரிய மரபு. சென்னை ரிச்சி தெருவிலிருந்து சிற்றூர் ரேடியோ மெக்கானிக் கடைவரை, 5200, 1943 டிரான்சிஸ்டர் ஜோடிகள் வைத்த போர்டுகளையும், கனமான டிரான்ஸ்ஃபார்மரையும், ஆப்டிகல், எச்டிஎம்ஐ ஏஆர்சி (டிவியின் ஒலியை எச்டிஎம்ஐ ஒயர் வழியாகவே திருப்பி எடுக்கும் வசதி), புளூடூத் எல்லாம் சேர்ந்த ஒரு டிகோடர் போர்டையும் ஒரே கேபினெட்டில் கட்டித் தருகிறார்கள். இதன் மிகப் பெரிய பலம், மேலே சொன்ன பெட்டிச் செட் ஸ்பீக்கர்களுக்கு இதுவே நேர்மையாகப் பொருந்தும் தீர்வு என்பது. ஸ்பீக்கரின் ஓம் அளவைச் சொல்லிவிட்டால், அதற்கேற்ற வோல்டேஜ் தரும் டிரான்ஸ்ஃபார்மரைப் போட்டு, சப்வூஃபருக்கும் உள்ளேயே ஒரு பவர் போர்டு வைத்துக் கட்டித்தர முடியும். பழுதானால் அதே தெருவில், அதே நாளில் சரியாகிவிடும்.

பலவீனம் டிகோடரில் இருக்கிறது. அது டால்பி டிஜிட்டலையும் டிடிஎஸ்ஸையும் பிரித்துத் தரும். ஆனால் ஒவ்வொரு ஸ்பீக்கரும் உட்காரும் இடத்திலிருந்து எத்தனை அடி தள்ளியிருக்கிறது என்பதைக் கணக்கிட்டு ஒலியைத் தாமதப்படுத்துவது, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள பேஸை எல்லாச் சேனல்களிலிருந்தும் எடுத்துச் சப்வூஃபருக்கு அனுப்புவது போன்ற வேலைகளைப் பெரும்பாலான டிகோடர் போர்டுகள் முறையாகச் செய்வதில்லை. அறையை மைக் வைத்து அளக்கும் வசதி கிடையாது. டிவி ரிமோட்டிலேயே ஒலியைக் கூட்டிக் குறைப்பது சில போர்டுகளில் வேலை செய்யும், சிலவற்றில் செய்யாது. ஆகவே கட்டித் தருபவர் நமக்குத் தெரிந்தவராக இருக்க வேண்டும். அவர் முன்பு கட்டித் தந்த ஒரு வீட்டில் போய்க் கேட்டுப் பார்த்துவிட்டே முன்பணம் கொடுக்க வேண்டும்.

பிராண்டட் அடிப்படை வகையில் மூன்று மாடல்களைப் பேசினால் போதும். யமஹா ஆர்எக்ஸ்-வி385 என்பது 2018இல் வந்த எளிய 5.1 ரிசீவர், நான்கு எச்டிஎம்ஐ இன்புட், 4கே, டால்பி விஷன் படத்தை டிவிக்குக் கடத்தும் வசதி, புளூடூத் உண்டு. டெனான் ஏவிஆர்-எக்ஸ்580பிடி 5.2 ரிசீவர், இரண்டு சப்வூஃபர் அவுட்டும் இஏஆர்சியும் (ஏஆர்சியின் மேம்பட்ட வடிவம்) 8கே கடத்தலும் கொண்டது. இவை இரண்டிலும் அட்மாஸ் இல்லை, வைஃபையும் இல்லை. ஆன்கியோ டிஎக்ஸ்-எஸ்ஆர்3100 இதே 5.2 அளவில் அட்மாஸும் அதைப் போன்ற டிடிஎஸ்:எக்ஸும் தருகிறது. ஆனால் மொத்தம் ஐந்து ஆம்ப்ளிஃபயர் சேனல்கள்தாம் இருப்பதால், அதில் அட்மாஸ் உயர ஸ்பீக்கர்கள் இரண்டைப் போட்டால் பின்புறச் சரவுண்ட் இரண்டும் போய்விடும், 5.1 என்பது 3.1.2 ஆகிவிடும். சரவுண்ட் ஸ்பீக்கர்களை ஏற்கெனவே சுவரில் மாட்டிவைத்திருப்பவருக்கு அது நல்ல பேரம் அல்ல. பெட்டியின் மீதுள்ள அட்மாஸ் முத்திரையைப் பார்த்து மட்டும் இதை எடுப்பவர்கள் இந்தக் கணக்கைக் கவனிக்க வேண்டும்.

7.2 வகை நம் பட்ஜெட்டின் மேல் விளிம்பு. டெனான் ஏவிஆர்-எக்ஸ்1800எச், அதற்கு முந்தைய எக்ஸ்1700எச், யமஹா ஆர்எக்ஸ்-வி6ஏ, ஆன்கியோ டிஎக்ஸ்-என்ஆர்6100 ஆகியவை இங்கே வருகின்றன. பழைய இருப்பைக் கழிக்கும் நேரத்திலோ பண்டிகைச் சலுகையிலோ இவை அறுபதாயிரத்துக்கு அருகில் வரும். மற்ற நேரத்தில் தாண்டும். ஏழு சேனல்கள் என்பதால் 5.1ஐ அப்படியே வைத்துக்கொண்டு உயரத்தில் இரண்டு ஸ்பீக்கர்களைச் சேர்த்து 5.1.2 ஆக்கலாம். இரண்டு கூடுதல் சேனல்களுக்காக மட்டும் இந்த விலை வித்தியாசத்தைக் கொடுக்க நான் சொல்ல மாட்டேன். அறையை அளக்கும் திறன் இங்கே ஒரு படி உயர்கிறது, வைஃபை வழியாகப் பாட்டு ஓடுகிறது, பிற்காலத்தில் மென்பொருள் அப்டேட் வருகிறது. இவற்றில் முதலாவது மட்டுமே காதுக்கு நேரடியாகத் தெரியும்.

ஆர்எக்ஸ்-வி6ஏவைச் செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்கள் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும். 2020இல் வெளிவந்த டெனான், மராண்ட்ஸ், யமஹா 8கே ரிசீவர்களில் இருந்த எச்டிஎம்ஐ சிப்பில் ஒரு குறை இருந்தது. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் அனுப்பும் 4கே 120 ஹெர்ட்ஸ் படம் கருந்திரையாகத் தெரிந்தது. டெனானும் மராண்ட்ஸும் அதைச் சரிசெய்ய ஓர் இணைப்புப் பெட்டியை இலவசமாகத் தந்தன. யமஹா போர்டையே மாற்றித் தந்தது. கேம் விளையாடாதவரை இது பாதிக்காது. விளையாடுபவர், போர்டு மாற்றப்பட்டதா என்று கேட்டுவிட்டு வாங்கட்டும்.

பழைய உயர்தர ரிசீவர் கவர்ச்சியானது. பன்னிரண்டு, பதினைந்து கிலோ எடை, பெரிய டிரான்ஸ்ஃபார்மர், ஒருகாலத்தில் லட்ச ரூபாய்க்கு விற்றது இப்போது இருபத்தைந்தாயிரம் என்றால் கை போகத்தான் செய்யும். 2013 வாக்கில் வந்தவற்றில் எச்டிஎம்ஐ 1.4தான் இருக்கும், எச்டிசிபி 2.2 (4கே படத்துக்கான நகல் தடுப்பு முறை) இல்லாததால் 4கே ஓடிடி பெட்டியை அதன் வழியாக டிவிக்கு அனுப்ப முடியாது. ஆனால் எல்லாவற்றையும் டிவியில் செருகி, டிவியிலிருந்து ஏஆர்சி வழியாக ஒலியை மட்டும் எடுத்தால் இந்தக் குறை தடையே அல்ல. படம் ரிசீவருக்குள் போவதே இல்லை. அப்படியென்றால் மீதமிருக்கும் அச்சம் வயதுதான். ஆன்கியோவின் 2009 முதல் 2012 வரையிலான குறிப்பிட்ட மாடல்களில் ஒலி நின்றுபோகும் கோளாறு பரவலாக வந்ததால், நிறுவனமே இலவசப் பழுதுநீக்கத்தை 2018 இறுதிவரை நீட்டித்தது. அந்தக் காலமும் முடிந்துவிட்டது. எனவே அந்தக் காலகட்டத்து மாடல்களைத் தவிர்க்கலாம். வெளிநாட்டிலிருந்து யாரோ கொண்டுவந்தது என்றால், பின்புறத் தகட்டில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நம் 230 வோல்ட் பிளக்கில் நேராகச் செருகினால் அதோடு முடிந்தது. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டலாம் என்றாலும், அந்தத் தொல்லைக்கு விலை மிகமிகக் குறைவாக இருந்தால் ஒழிய அர்த்தமில்லை.

வாட்ஸ், 8கே, அட்மாஸ்

டெனான் ஏவிஆர்-எக்ஸ்1700எச்சின் சக்தி எவ்வளவு என்று கேட்டால் 145 வாட்ஸ் என்றும் சொல்லலாம், 80 வாட்ஸ் என்றும் சொல்லலாம். இரண்டும் நிறுவனமே தரும் எண்கள்தாம். 145 என்பது 6 ஓமில், ஒரே ஒரு சேனலை மட்டும், 1 கிலோஹெர்ட்ஸ் ஒற்றைத் தொனியில் ஓட்டி அளந்தது. 80 என்பது 8 ஓமில், இரண்டு சேனல்களை, 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை முழு வீச்சில் ஓட்டி அளந்தது. இரண்டாவது வகை அளவை மட்டுமே மாடலுக்கு மாடல் ஒப்பிட வேண்டும். அப்படி ஒப்பிட்டாலும், 80 வாட்ஸுக்கும் 100 வாட்ஸுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு டெசிபெல்கூட முழுதாக வராது. ஒலியை 3 டெசிபெல் கூட்டவே சக்தி இரண்டு மடங்காக வேண்டும். மாறாக, 86 டெசிபெல் உணர்திறன் கொண்ட ஸ்பீக்கருக்குப் பதில் 89 டெசிபெல் ஸ்பீக்கர் இருந்தால், அதே ரிசீவர் இரண்டு மடங்கு சக்தி பெற்றதுபோல் ஒலிக்கும். நம் ஹாலில் பத்தடி தூரத்தில் உட்கார்ந்து படம் பார்க்கையில் ஒவ்வொரு சேனலும் பெரும்பாலான நேரம் சில வாட்ஸில்தான் ஓடுகிறது. 70 வாட்ஸ் என்று எழுதிய அடிப்படை ரிசீவர் இந்த அறைக்குத் தாராளமாகப் போதும்.

8கே குறித்து விரிவாகப் பேச ஒன்றுமில்லை. வீட்டில் 8கே டிவியும் இல்லை, பார்க்க 8கே படமும் இல்லை. பிளேஸ்டேஷன் 5 வைத்திருப்பவர் அதை டிவியில் நேராகச் செருகி, ஒலியை இஏஆர்சி வழியாக ரிசீவருக்கு எடுத்துக்கொண்டால் 4கே 120 ஹெர்ட்ஸும் கிடைக்கும், ரிசீவரிலும் செலவு மிஞ்சும்.

அட்மாஸைப் பற்றித்தான் நிதானமாக யோசிக்க வேண்டும். ஓடிடியில் வரும் அட்மாஸ் டால்பி டிஜிட்டல் பிளஸுக்குள் வைத்து அனுப்பப்படுகிறது. அது சாதாரண ஏஆர்சியிலேயே போகும், டிவி மட்டும் அனுமதிக்க வேண்டும். இஏஆர்சி கட்டாயமாவது புளூரேயின் ட்ரூஎச்டி போன்ற இழப்பில்லா வடிவங்களுக்கே. ஆகவே இஏஆர்சி இல்லை என்பதற்காக ஒரு மாடலை ஓடிடி மட்டும் பார்க்கும் வீடு ஒதுக்க வேண்டியதில்லை.

உண்மையான தடை நம் கூரையில் இருக்கிறது. கான்கிரீட் தளத்தில் துளைபோட்டு ஸ்பீக்கர் பதிப்பது நடக்காத காரியம். ஃபால்ஸ் சீலிங் போட்ட ஃபிளாட் என்றால் முடியும், அதுவும் ஒயரை முன்கூட்டியே விட்டிருந்தால். மாற்றாக, முன் ஸ்பீக்கர்களின் தலையில் வைத்து மேல்நோக்கி ஒலிக்கும் ஸ்பீக்கர்களை வாங்கச் சொல்வார்கள். அந்த ஒலி கூரையில் பட்டு நம் தலைக்கு மேலிருந்து இறங்குவதாகத் தோன்ற வேண்டும். ஏழரை முதல் பன்னிரண்டு அடி உயரத்தில் சமதளமான கூரை இருந்தால் இது வேலை செய்யும் என்கிறது டால்பி. நம் கான்கிரீட் கூரை சமதளம், உயரமும் பத்தடிதான், நன்றாகவே எதிரொலிக்கும். ஆனால் ஒலி பட்டுத் திரும்ப வேண்டிய அதே இடத்தில், ஹாலின் நடுவில், சீலிங் ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கிறது. சித்திரை வைகாசியில் ஃபேனை அணைத்துவிட்டுப் படம் பார்க்க யாராலும் முடியாது. ஏசி போட்ட தனி அறை என்றால் மேல்நோக்கும் ஸ்பீக்கரை முயன்று பார்க்கலாம். ஃபேன் ஓடும் பொது ஹாலுக்கு, சுவரின் மேல்விளிம்பில் இரண்டு சிறு ஸ்பீக்கர்களைச் சாய்த்து மாட்டுவதே மேல். அதற்கும் மனமில்லை என்றால் 7.2 ரிசீவரின் இரண்டு சேனல்கள் கடைசிவரை வெறுமனே கிடக்கும்.

டிடிஎஸ் பற்றி ஒரு சொல். சாம்சங் 2018 முதல் தன் டிவிகளில் டிடிஎஸ்ஸை நிறுத்திவிட்டது. எல்ஜி 2020 முதல் 2022 வரையிலான மாடல்களில் நிறுத்தியிருந்தது. இந்த டிவிகளில் பென் டிரைவைச் செருகி டிடிஎஸ் ஒலி கொண்ட படத்தை ஓட்டினால், எந்த ரிசீவரை வைத்திருந்தாலும் ஒலி வராது. மனிதர்கள் இதை ரிசீவரின் கோளாறு என்று நினைத்து மாற்றிக் கேட்டு அலைகிறார்கள். பென் டிரைவ் படம் முக்கியம் என்றால், டிடிஎஸ்ஸை அப்படியே வெளியே அனுப்பும் ஒரு மீடியா பிளேயர் பெட்டியை ரிசீவரின் எச்டிஎம்ஐயில் நேராகச் செருக வேண்டும். அப்போது 4கே, எச்டிசிபி 2.2 கடத்தும் புதிய ரிசீவர் உண்மையிலேயே தேவைப்படும். செகண்ட் ஹேண்டில் பழைய ரிசீவர் இந்த இடத்தில் தோற்கிறது.

காதுக்குத் தெரியும் வித்தியாசம் எங்கே?

வசனம் புரியவில்லை, சண்டையும் பாட்டும் மட்டும் காதைப் பிளக்கிறது என்பது எல்லா வீடுகளிலும் கேட்கும் புகார். வசனம் சென்டர் ஸ்பீக்கரிலிருந்து வருகிறது. ரிசீவரின் மெனுவில் சென்டரை மட்டும் 2 அல்லது 3 டெசிபெல் உயர்த்தினாலே பாதி தீரும். மீதிப் பாதிக்குக் காரணம் அறை. வெறும் டைல்ஸ் தரை, பூசிய சுவர், கண்ணாடி ஜன்னல் என்ற நம் ஹால்களில் ஒலி எதிரொலித்து வசனத்தின் மெய்யெழுத்துகளை விழுங்கிவிடுகிறது. எந்த ரிசீவரின் மைக் அளவீடும் இந்த எதிரொலியை அழிக்காது. தரையில் கனமான ஒரு பவானி ஜமுக்காளமும், ஜன்னலுக்குத் தடித்த திரையும் இதில் செய்யும் நன்மையை இருபதாயிரம் ரூபாய் கூடுதல் விலையுள்ள ரிசீவர் செய்யாது.

மைக் அளவீடு திருத்துவது பேஸை. அறையின் நீள அகலத்துக்கேற்பச் சில தாழ்ந்த சுருதிகள் ஓரிடத்தில் வீங்கியும் இன்னோரிடத்தில் காணாமலும் போகின்றன. அதைக் கண்டுபிடித்துச் சமன் செய்வதில்தான் டெனானில் உள்ள ஒடிஸ்ஸி, யமஹாவின் ஒய்பாவோ, ஆன்கியோவின் அக்யூஈக்யூ ஆகிய அளவீட்டு முறைகள் வேறுபடுகின்றன. ஆர்எக்ஸ்-வி385இன் ஒய்பாவோ ஓர் இருக்கையில் வைத்து அளக்கிறது. எக்ஸ்1800எச்சில் உள்ள ஒடிஸ்ஸி மல்ட்ஈக்யூ எக்ஸ்டி எட்டு இடங்கள்வரை அளந்து சராசரியாகத் திருத்துகிறது. குடும்பமே சோபாவிலும் தரையிலுமாக உட்கார்ந்து பார்க்கும் வீட்டில் இந்த வேறுபாடு தெரியும். அதோடு, ஒலியைக் குறைத்து வைக்கும்போது பேஸ் மறையாமல் தாங்குவது, இரவில் திடீர்ச் சத்தங்களை அடக்கி வசனத்தை மேலே கொண்டுவருவது ஆகிய வசதிகளும் ஒடிஸ்ஸியில் நன்றாக அமைந்திருக்கின்றன. பக்கத்து ஃபிளாட்டில் கைக்குழந்தை இருக்கும் வீடுகளுக்கு இது வாட்ஸைவிடப் பயனுள்ளது. 7.2 வகையை நான் யாருக்காவது பரிந்துரைத்தால் இந்தக் காரணத்துக்காகவே பரிந்துரைப்பேன்.

என் தீர்ப்பு

பெட்டிச் செட் ஸ்பீக்கர்களை மாற்ற மனமில்லாதவர், நம்பகமான உள்ளூர் மெக்கானிக்கிடம் அசெம்பிள் ஆம்ப்ளிஃபயர் கட்டிக்கொள்ளட்டும். பிராண்டட் ரிசீவர் அவருக்கு வீண்செலவு.

தனித்தனியாக வாங்கிய 6 அல்லது 8 ஓம் ஸ்பீக்கர்களும் பவர்டு சப்வூஃபரும் இருந்து, கூரையில் எதையும் மாட்டப்போவதில்லை என்று உறுதியாகத் தெரிந்தால், அடிப்படை 5.1 அல்லது 5.2 ரிசீவரே சரி. என் கணக்கில் எக்ஸ்580பிடி முதலிடம், இஏஆர்சியும் இரட்டைச் சப்வூஃபர் அவுட்டும் இருப்பதால். அதற்கும் ஆர்எக்ஸ்-வி385க்கும் விலை வித்தியாசம் பெரிதாக இருந்தால் யமஹாவை எடுப்பதில் தவறில்லை. மிஞ்சும் தொகையில் சென்டர் ஸ்பீக்கரை ஒரு படி நல்லதாக மாற்றினால் வீட்டில் எல்லோருக்கும் தெரியும் முன்னேற்றம் அதுவாகத்தான் இருக்கும்.

ஃபால்ஸ் சீலிங்கில் ஒயர் விட்டிருப்பவர், அல்லது தனி அறை ஒதுக்கியிருப்பவர், பட்ஜெட்டை நீட்டி எக்ஸ்1800எச் அல்லது இருப்பில் இருக்கும் எக்ஸ்1700எச்சை வாங்கலாம். செகண்ட் ஹேண்ட் உயர்தர ரிசீவர், திறந்து பார்த்துப் பழகியவருக்கோ, அப்படியொரு நண்பர் பக்கத்தில் இருப்பவருக்கோ மட்டும்.

எதை எடுத்தாலும் பில் போடுவதற்கு முன் மூன்றைக் கேட்டுவிடுங்கள். வாரண்டி கார்டில் இருப்பது இந்திய வாரண்டியா, கடையின் சொந்த வாரண்டியா? சர்வீஸ் சென்டர் நம் ஊரிலா, சென்னைக்கு அனுப்ப வேண்டுமா, அனுப்பும் செலவு யாருடையது? மைக் பெட்டிக்குள் இருக்கிறதா? டிஸ்ப்ளே பீஸாக விற்கப்படுபவற்றில் மைக் தொலைந்துபோயிருப்பது சாதாரணம். கைப்பிடிக்குள் அடங்கும் அந்தச் சிறு மைக் இல்லாமல் வாங்கினால், கொடுத்த விலையில் பெரும்பகுதிக்கான பயனை வீட்டில் எடுக்கவே முடியாது. வைக்கும் இடத்தில் மேலே நான்கைந்து அங்குலம் காற்றோட்டம் இருக்கட்டும். கண்ணாடிக் கதவு போட்ட டிவி ஷோகேஸுக்குள் வைப்பதாக இருந்தால் பின் பலகையை அறுத்துத் திறந்துவிடச் சொல்லுங்கள். பின்புறக் காற்றுத் துளைகளுக்குக் காற்றை மறிக்காத மெல்லிய கம்பி வலையைச் சற்றுத் தள்ளிப் பொருத்தினால் பல்லியும் உள்ளே போகாது. ஐப்பசி, கார்த்திகையில் இடி தொடங்கும் முன்பே கரண்ட் பிளக்கோடு கேபிள் டிவியின் கோஆக்ஸியல் ஒயரையும் செட்டாப் பாக்ஸிலிருந்து கழற்றிவிட வேண்டும். எச்டிஎம்ஐ போர்டுகள் பலவும் அந்த ஒயர் வழியாக வரும் மின்னல் அதிர்ச்சியில்தான் போகின்றன.